ஐம்பதாயிரம் ரூபாயில் அந்தமான்: ஜோடியாகப் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தமான் போக விரும்பும் ஜோடிகளிடம் டிராவல் ஏஜென்ட்டுகள் நீட்டும் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு, நீல் தீவில் ஒன்று. கூடவே ஏசி கார், கட்டிலில் ரோஜா இதழ் அலங்காரம், கடற்கரையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு டின்னர், கேக். விமான டிக்கெட் தனி. அலங்காரத்தை விடுங்கள், அது அவரவர் விருப்பம். எனக்கு ஒப்பாதது இரவுகளைப் பிரித்திருக்கும் விதம். நல்ல கடற்கரையே இல்லாத ஊரில் இரண்டு இரவு. செலவே வைக்காத அமைதியான தீவில் ஒரே ஒரு இரவு.

அந்தமானில் காசு கரைவது நகரும்போதுதான். தீவு விட்டுத் தீவு போக ஃபெர்ரி, ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு) போக ஆட்டோ, இறங்கியதும் இன்னொரு ஆட்டோ, அவசரத்தில் சாப்பிடும் விலை கூடிய சாப்பாடு. ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் நாள் செலவு மளமளவென்று இறங்கிவிடும். கடலுக்கு யாரும் டிக்கெட் போடவில்லை. கீழே இருக்கும் திட்டம் முழுவதும் இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது: ஏழு பகல், ஆறு இரவு, இருவருக்கும் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாய்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹேவ்லாக், நீல் இரண்டும் 2018 கடைசியில் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு ஆகிவிட்டன. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்லுவார். இரண்டும் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: காலண்டரில் பிறையைப் பாருங்கள்

மாதம் தேர்ந்தெடுப்பது சுலபம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை கடல் அமைதியாக இருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். டிசம்பர் கடைசியிலும் புத்தாண்டிலும் எல்லா விலையும் ஏறும். அந்த நாட்களைத் தவிருங்கள். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். மழைக்காலத்தில் அறை மலிவுதான். ஆனால் கடல் கொந்தளித்தால் ஃபெர்ரி நின்றுவிடும், அப்புறம் மிச்சம் பிடித்த காசு கூடுதல் நாள் வாடகையில் போகும். அக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாவில் புயல் பயமும் உண்டு.

மாதம் முடிவானதும் பலர் விட்டுவிடும் விஷயம் அமாவாசையும் பௌர்ணமியும். அந்த நாட்களை ஒட்டித்தான் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நீல் தீவின் பாறை வளைவைப் பார்க்கக் கடல் நன்றாக வற்ற வேண்டும். அதனால் அமாவாசையோ பௌர்ணமியோ நீங்கள் நீல் தீவில் இருக்கும் நாட்களில் விழுகிற மாதிரி தேதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டால் அமாவாசை. இருட்டில் வானம் நிறைய நட்சத்திரம். சில இரவுகளில் கால் பட்ட இடத்தில் அலை நீலமாக மினுங்கும். ஹேவ்லாக்கில் இதைக் காட்டவே இரவில் கயாக் படகில் கூட்டிப்போய்ப் பெரிய தொகை வாங்குகிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கரையில் நின்றே பார்க்கலாம்.

படி 2: விமானம்

சென்னையிலிருந்து நேரடி விமானம் இரண்டே கால் மணி நேரம். பெங்களூரு, கொல்கத்தாவிலிருந்தும் நேரடியாக உண்டு. மொத்தச் செலவில் பெரிய பங்கு இதுதான் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே பிடியுங்கள். செவ்வாய், புதன் மாதிரி வார நடுவில் கிளம்பினால் ஒருவருக்கு ஒரு வழி 5,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

போகும்போது முடிந்தவரை அதிகாலை விமானம் எடுங்கள். காலையிலேயே இறங்கிவிட்டால் அன்று மதியத்து ஃபெர்ரியைப் பிடித்து மாலைக்குள் ஹேவ்லாக் போய்ச் சேரலாம், போர்ட் பிளேரில் ஓர் இரவு வாடகை மிச்சம். ஆனால் விமானம் இறங்குவதற்கும் ஃபெர்ரி கிளம்புவதற்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். திரும்பும்போது இந்த விளையாட்டே வேண்டாம். கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில்தான். ஃபெர்ரி ரத்தானால் விமான நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் போகிறது. பங்க் வகுப்பில் (பொதுக்கூடத்துப் படுக்கை) டிக்கெட் மலிவு. ஆனால் போக மட்டுமே 60 மணி நேரத்தை ஒட்டி ஆகும், தினசரிச் சேவையும் கிடையாது. ஒரு வார லீவில் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

இந்தியக் குடிமக்களுக்கு இந்த மூன்று இடத்துக்கும் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. இருவருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். அறை, ஃபெர்ரி, வாடகை ஸ்கூட்டர் என்று எங்கு போனாலும் கேட்பார்கள்.

படி 3: இரவுகளைப் பிரித்தல்

ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீல் தீவில் மூன்று, போர்ட் பிளேரில் ஒன்று. ஏஜென்ட் திட்டத்தைத் தலைகீழாக்கியது மாதிரி இருக்கும், இருக்கட்டும். ஹேவ்லாக் அழகான தீவு, ஆனால் அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. நீல் சின்னத் தீவு. அங்கே மூன்றாவது நாள் செலவழிக்கவே வழி இருக்காது. போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேர் என்று வட்டமாகப் போவதால் வந்த வழியே திரும்பும் வேலையும் இல்லை. மொத்தம் மூன்றே கடல் பயணம்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு ஒரு நாள் ஒதுக்கச் சொல்லுவார்கள். விடியுமுன் எழுந்து, ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காட்டின் வழியே வண்டி வரிசையில் போய்வர வேண்டும். அந்த மக்களை வேடிக்கை பார்க்கிற பயணமாகத்தான் பலருக்கு அது முடிகிறது. செலவை மட்டும் பார்த்தாலும் நான் அதை வெட்டிவிடுவேன்.

படி 4: ஃபெர்ரி

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். தனியார் ஃபெர்ரி, அரசு ஃபெர்ரி என்று இரண்டு வகை. தனியாரில் மக்ருஸ், கிரீன் ஓஷன், நாட்டிகா மாதிரி நிறுவனங்கள் ஓட்டுகின்றன. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், ஏசி இருக்கை, ஒருவருக்கு 1,200 ரூபாயில் ஆரம்பம். வாரக்கணக்கில் முன்பே ஆன்லைனில் பிடிக்கலாம். அரசு ஃபெர்ரி இரண்டரை மணி நேரம் எடுக்கும், கட்டணம் ஏறக்குறைய பாதி. அதற்கு முன்பதிவு பயணத்துக்குச் சில நாட்கள் முன்புதான் திறக்கும், உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு, சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நான் சொல்லும் கலவை இது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போக மட்டும் தனியார், ஏனென்றால் விமானம் இறங்கிய அன்றே ஏறுவதால் டிக்கெட் உறுதியாக இருக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் அரசு ஃபெர்ரி முயற்சி செய்யுங்கள். கிடைக்காவிட்டால் தனியாருக்கு மாற இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கி வையுங்கள்.

அரசு ஃபெர்ரியில் காசைத் தாண்டி இன்னொரு லாபமும் உண்டு. தனியார் கப்பல்களில் பெரும்பாலும் கண்ணாடி மூடிய அறைக்குள் உட்கார்ந்தே போக வேண்டும். அரசு கப்பலில் மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். பக்கத்தில் முட்டைத் தட்டும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிற குடும்பம் உட்கார்ந்திருக்கும். கப்பல் முனை கிழிக்கும் தண்ணீரிலிருந்து பறவைக்கோலா மீன்கள் வெள்ளிக் காசு மாதிரி கிளம்பி, நாலைந்து ஆள் நீளம் பறந்துபோய் விழும். வாந்தி வரும் உடம்பாக இருந்தால் இந்தக் காற்றே பாதி மருந்து. மீதிப் பாதிக்கு, ஏறுவதற்கு அரை மணி முன்பு ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: அறை

ஹேவ்லாக்கிலும் நீலிலும் தென்னந்தோப்புக்குள் மூங்கில் குடில்கள் உண்டு. மின்விசிறி, கொசுவலை, ஒட்டிய குளியலறையோடு 1,200 முதல் 1,800 ரூபாய்க்குள் கிடைக்கும். ஏசி கேட்டால் ஆயிரம் கூடும். பிப்ரவரியில் கடற்காற்றுக்கு ஏசி தேவையே இல்லை. ஏப்ரலில் போனால் யோசியுங்கள். முதல் இரவுக்கு மட்டும் ஆன்லைனில் போட்டுவிட்டு, அடுத்த இரவை நேரில் பேசுங்கள். பலர் விலை குறைப்பார்கள். சீசன் உச்சத்தில் இந்தத் தைரியம் வேண்டாம்.

ஹேவ்லாக்கில் மூன்றாம் நம்பர் கிராமத்துக்கும் ஐந்தாம் நம்பர் கிராமத்துக்கும் நடுவில் தங்குங்கள். கடைத்தெருவும் அங்கேதான், ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கு அடியில் போவது) கடைகளும் அங்கேதான். ராதாநகர் பக்கம் தங்குவது விலை அதிகம்; ராத்திரி சாப்பாட்டுக்கும் வழி குறைவு.

பணம் கையில் இருக்கட்டும். ஏடிஎம் இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை சொற்பம், சில நாள் காலியாகவும் இருக்கும். 2020இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தபிறகு நெட்வொர்க் எவ்வளவோ தேவலை. இருந்தாலும் ஜிபேயை மட்டும் நம்பி ஒரு தீவில் இறங்கக் கூடாது.

படி 6: ஹேவ்லாக்கில் இரண்டு நாள்

இறங்கியதும் ஸ்கூட்டர் எடுங்கள். ஒரு நாளைக்கு 500 முதல் 700 ரூபாய். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டால் பழைய கீறலுக்கு உங்களிடம் காசு கேட்க முடியாது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாவிட்டால் ஜெட்டியிலிருந்து ராதாநகருக்கு அரசு பஸ் உண்டு, கட்டணம் சில்லறைக் காசுதான். கடைசி பஸ் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேவ்லாக்கில் கடற்கரைக்குக் கடற்கரை குணம் மாறும். கிழக்குப் பக்கம் இருக்கும் மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் கரைகளில் தண்ணீர் வற்றிவிட்டால் முழங்கால் அளவுதான் நிற்கும், அடியில் பாறையும் செத்த பவளமும் காலைக் கிழிக்கும். அதே இடம் கடல் ஏறியதும் மரகதப் பச்சையாகிவிடும், அப்போது குளிக்கலாம். போர்ட் பிளேருக்கான ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கும், அதைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தினமும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஒரு பக்கத்தைப் பார்த்து நாளை வகுத்துக்கொண்டால் எந்த கைடும் தேவையில்லை.

மேற்குப் பக்கம் இருக்கும் ராதாநகர் வேறு ரகம். வெறும் மணல், கடல் வற்றினாலும் குளிக்கலாம், பின்னால் வானத்தை மறைக்கும் மரங்கள். 2020இல் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரும் நீலக்கொடிச் சான்று வாங்கிய இந்தியக் கடற்கரைகளில் இதுவும் ஒன்று, அதனால் உடை மாற்றும் அறை, கழிவறை எல்லாம் ஒழுங்காக இருக்கும். உயிர்காப்பாளர் காட்டும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். பக்கத்திலுள்ள நீல்ஸ் கோவ் கழிமுகத்தில் முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அது அலங்காரத்துக்கு வைத்த பலகை அல்ல.

ஒரு விஷயம் எல்லோரையும் ஏமாற்றும். இந்தத் தீவுகள் சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கு மேல் தள்ளி இருக்கின்றன, கடிகாரம் மட்டும் இந்திய நேரம். அதனால் சூரியன் சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்திக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரியில் ஐந்தரைக்கெல்லாம் அஸ்தமனம். நாலு மணிக்கே ராதாநகரில் இருங்கள். திரும்பும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சாலையில் இருட்டு கனமாக இருக்கும், வளைவுகளில் மாடு நிற்கும். முகப்பு விளக்கு எரிகிறதா என்பதைக் காலையிலேயே பார்த்து வண்டி எடுங்கள்.

சாப்பாட்டுக்கு மூன்றாம் நம்பர் கடைத்தெரு. ஹேவ்லாக்கிலும் நீலிலும் குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள். அதனால் மீன் குழம்பில் புளிக்குப் பதில் கடுகு. முதல் வாய்க்குச் சற்று முறைக்கும், இரண்டாம் நாள் நீங்களே தேடுவீர்கள். மீன் சாப்பாடு, சைவ சாப்பாடு இரண்டும் ரிசார்ட் உணவகத்தில் கொடுக்கும் விலையில் பாதிக்கும் கீழே முடிந்துவிடும். இரால், நண்டு என்று எடை போட்டுக் காட்டும் கடைகளில் சமைக்கும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள்.

படி 7: கடலுக்கு அடியில் ஒருமுறை

ஸ்கூபாவா, முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்கெலிங்கா? இந்த பட்ஜெட்டில் இரண்டையும் வைக்க முடியாது.

முதல்முறை ஸ்கூபாவுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பயிற்றுநர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார். ஒருவருக்கு 3,500 ரூபாயும் அதற்கு மேலும். ஆஸ்துமா, காது, இதயப் பிரச்சினை இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கர்ப்பமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். முடித்து 18 மணி நேரமாவது கழிந்துதான் விமானம் ஏற வேண்டும். ஹேவ்லாக்கிலேயே முடித்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

ஹேவ்லாக்கிலேயே இருக்கும் எலிபெண்ட் பீச்சில் ஸ்நார்க்கெலிங் படகோடு சேர்த்து ஒருவருக்கு 1,000 ரூபாயை ஒட்டி வரும். காட்டு வழியாக நடந்தும் போகலாம், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், வனத்துறை அனுமதிக்கும் நாட்களில் மட்டும். கரையில் சாய்ந்து கிடக்கும் பெரிய மரங்கள் 2004 சுனாமியில் விழுந்தவை. அங்கே காலை ஒன்பது மணிக்கு மேல் படகுகள் குவிந்துவிடும், ஸ்நார்க்கெலிங் நேரமும் சுருங்கிவிடும். முதல் படகில் போகாவிட்டால் போகாமலே இருக்கலாம்.

மூன்றாவது வழி, ஊரிலேயே நல்ல முகமூடியும் மூச்சுக்குழாயும் வாங்கிக்கொண்டு போவது. நீச்சல் தெரிந்த ஜோடிக்கு இதுதான் உண்மையான லாபம், நீல் தீவில் மூன்று நாளும் உபயோகப்படும். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்க வேண்டாம்.

படி 8: நீல் தீவு, மூன்று இரவு

அந்தமானின் காய்கறித் தோட்டம் என்று இந்தத் தீவைச் சொல்வார்கள். ஜெட்டியைத் தாண்டினால் கத்தரித் தோட்டமும் வாழையும் நெல்வயலுமாக இருக்கும். சைக்கிளிலேயே தீவு முழுக்கச் சுற்றிவிடலாம். ஒரு நாள் மட்டும் ஸ்கூட்டர் எடுத்தால் போதும். ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் ராமாயணம்: சீதாப்பூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம்நகர். சூரிய உதயத்துக்குச் சீதாப்பூர், அஸ்தமனத்துக்கு லக்ஷ்மண்பூர். ஜெட்டிக்கு ஒட்டியிருக்கும் பரத்பூரில் கடல் ஏறியிருக்கும்போது குளிக்கலாம்; கூட்டம் இருப்பதும் இங்கேதான், ஏனென்றால் ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்கள் இதைத் தாண்டிப் போவதில்லை. மதியத்து ஃபெர்ரி கிளம்பியதும் தீவு உங்களுடையது.

பாறை வளைவுக்கு லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரை. வற்றத்தின் அடிமட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கடல் விலகிய பவளப் பாறையில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு குட்டையை ஐந்து நிமிடம் குனிந்து பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் கறுப்புத் தோல்பை மாதிரி கிடந்தது கடல் அட்டை என்று புரியும். நீல உதட்டைத் திறந்து வைத்திருக்கும் சிப்பி, உங்கள் நிழல் பட்டதும் மூடிக்கொள்ளும். உள்ளூர்க்காரர்கள் சின்னக் கட்டணத்துக்குக் கூட வந்து காட்டுவார்கள். இந்தப் பயணத்தில் நான் கைடுக்குக் காசு கொடுக்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான், அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. காலில் பிடிப்பான ரப்பர் செருப்பு போடுங்கள், உயிருள்ள பவளத்தில் மிதிக்காதீர்கள், தண்ணீர் திரும்பத் தொடங்கினால் நீங்களும் திரும்புங்கள்.

மாலையில் ஈர மணலில் உட்கார்ந்தால் மணல் ஈ கடிக்கும். அன்று தெரியாது, மறுநாள் சொறிந்தே ஓய்ந்துவிடுவீர்கள். கை காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது உள்ளூர் வழக்கம், நன்றாகவே வேலை செய்கிறது.

படி 9: கணக்கு

இருவருக்கும் சேர்த்து: விமானம் 20,000. மூன்று ஃபெர்ரி 6,500. ஆறு இரவு அறை 8,500. சாப்பாடு நாளைக்கு 900 வீதம் 6,300. ஸ்கூட்டர், பெட்ரோல், சைக்கிள், ஆட்டோ எல்லாம் 3,500. இதுவரை 44,800. மீதி 5,200 ரூபாயில் எலிபெண்ட் பீச்சும் நுழைவுக் கட்டணங்களும் அடங்கும், அரசு ஃபெர்ரி கிடைக்காத நாளுக்கான இரண்டாயிரமும் இதற்குள்தான். இருவரும் ஸ்கூபா போனால் ஐம்பதைத் தாண்டும். எங்காவது வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஹேவ்லாக்கில் ஓர் இரவைக் குறையுங்கள், நீலில் கை வைக்காதீர்கள்.

படி 10: போர்ட் பிளேரில் கடைசி நாள்

அபர்தீன் பஜாரைச் சுற்றி மலிவான லாட்ஜ்கள் இருக்கின்றன. ஊரில் தமிழர்கள் கணிசம். ஆட்டோவில் ஏறி நேராகத் தமிழிலேயே பேரம் பேசிப் பாருங்கள், பல நேரம் பதிலும் தமிழில் வரும். ஆட்டோவில் மீட்டர் கிடையாது, ஏறும் முன் பேசிவிட வேண்டும். ஒரு வாரம் கடுகு மீன் சாப்பிட்ட நாக்குக்கு இட்லி, தோசையும் பஜாரிலேயே உண்டு.

மதியத்துக்குள் வந்துவிட்டால் செல்லுலார் சிறை. 1906இல் கட்டி முடித்தபோது நடுக் கோபுரத்திலிருந்து விரியும் ஏழு கட்டிடச் சிறகுகள் இருந்தன, இன்று நிற்பவை மூன்று. ஒரு மணி நேரத்தில் ஓடி முடிக்கும் இடம் அல்ல. மாலை ஒலி ஒளிக் காட்சிக்கு முன்பதிவு செய்துவிடுங்கள், தமிழில் நடக்கும் என்று எதிர்பார்க்காமல் இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ தயாராகப் போங்கள்.

பெட்டி கட்டும்போது கரையில் பொறுக்கிய பவளத் துண்டு, சங்கு, சிப்பி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். பவளமும் பல வகைச் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, செத்துக் கரை ஒதுங்கிய பவளமும் விதிவிலக்கு இல்லை. விமான நிலைய ஸ்கேனரில் தேடிப் பிடிக்கிறார்கள். கடையில் வாங்கிய சிப்பிப் பொருளாக இருந்தால் பில்லைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள்.